மதிப்பெண் பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கத்துப் பள்ளிகள் பலவற்றில் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே ஒரு பலகை தொங்கும். ஆண்டுவாரியாகப் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டிலும் முதல் மதிப்பெண் வாங்கியவர்களின் பெயர்கள். அதே பள்ளிக்காகக் கபடியிலும் பூப்பந்திலும் தடகளத்திலும் மாநிலம்வரை போனவர்களின் பெயர்கள் எங்கே என்று தேடினால், கோப்பை அலமாரியின் அடித்தட்டில் கறுத்துப்போன ஒரு ஷீல்டில் ஆண்டு மட்டும் இருக்கும். ஆடியவர்களின் பெயர் இருக்காது. அந்தக் குறையைத் தீர்க்க, விளையாட்டில் பெயர் வாங்கிய பழைய மாணவர்களுக்கென்று ஒரு புகழ்ப் பலகை வைக்க இப்போது பல ஊர்களில் முன்னாள் மாணவர்கள் முன்வருகிறார்கள். நல்ல வேலை. ஆனால் பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் கிரானைட்டுக்கு ஆர்டர், பிறகு விழாத் தேதி, கடைசி வாரத்தில் "யார் யார் பெயரைப் போடுவது?" என்ற கேள்வி. நடக்க வேண்டியது இதற்கு நேர் எதிர்வரிசை. முதலில் ஒரு பதிவேடு, பிறகு விதிகள், அப்புறம்தான் பலகை.

இந்த வழக்கத்துக்கு முன்மாதிரி அமெரிக்கப் பள்ளிகள். அவர்களுக்கும் முன்மாதிரி கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழ் மண்டபம். 1936இல் முதல் ஐந்து பேரைத் தேர்ந்தார்கள், கட்டடத்தை 1939இல்தான் திறந்தார்கள். பெயர் முன்னால், சுவர் பின்னால். அங்கே ஆட்டக்காரர் ஓய்வு பெற்று ஐந்து ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும், பேஸ்பால் பற்றி எழுதும் பத்திரிகையாளர்கள் வாக்கில் 75 சதவீதம் பெற வேண்டும். இந்த இரண்டு விதிகளையும் நம் பள்ளி அளவுக்குச் சுருக்கி எடுத்துக்கொள்ளலாம். பள்ளியை விட்டு ஐந்து ஆண்டுகள் ஆகாதவரின் பெயரைப் பரிசீலனைக்கு எடுக்கக் கூடாது. ஏழு பேர் குழு என்றால் ஐந்து பேராவது சம்மதிக்க வேண்டும். ஐந்து ஆண்டு இடைவெளி இல்லாவிட்டால் இப்போது ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் வந்து நிற்பார்கள். வயதைக் குறைத்து ஆடிய விவகாரம் ஏதாவது இருந்தால் அதுவும் அந்த இடைவெளியில் தெரிந்துவிடும். சான்றிதழில் உள்ள பிறந்த தேதியும் சேர்க்கைப் பதிவேட்டில் உள்ளதும் ஒத்துப் போகாவிட்டால், விளக்கம் கிடைக்கும்வரை அந்தப் பெயரைத் தனியே எடுத்து வைப்பதுதான் முறை.

குழுவில் தலைமையாசிரியர், இப்போதைய உடற்கல்வி ஆசிரியர், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர், பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து ஒருவர், முன்னாள் மாணவர் இருவர், வெளியூர் நடுவர் ஒருவர் இருந்தால் போதும். முன்னாள் மாணவர் இருவரில் ஒருவர் பெண்ணாக இருப்பது கட்டாயம். பலகைக்குப் பணம் தருபவர் குழுவில் உட்காரக் கூடாது. இதைச் சொல்லக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் முதல் கூட்டத்திலேயே சொல்லி எழுதிவிட்டால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள், மூன்றாவது கூட்டத்தில் சொன்னால் சண்டைதான். அரசுப் பள்ளி என்றால் பணத்தைக் கையில் வாங்காமல், 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டம் வழியாகவோ பெற்றோர் ஆசிரியர் கழகக் கணக்கிலோ ரசீதோடு வரவு வைப்பது எல்லாருக்கும் பாதுகாப்பு.

எந்த அளவு சாதனைக்கு இடம் என்பதில்தான் டெல்டாவுக்கே உரிய சிக்கல் ஒன்று வருகிறது. 'மாவட்ட அளவில் முதலிடம்' என்று இரண்டு பேர் சான்றிதழ் கொண்டு வருவார்கள். ஒன்று 1988ஆம் ஆண்டுச் சான்றிதழ், மற்றது 2022ஆம் ஆண்டுச் சான்றிதழ். இரண்டும் ஒன்றல்ல. 1991இல் நாகப்பட்டினம் பிரியும்வரை தஞ்சாவூர் ஒரே மாவட்டம். கும்பகோணம், மாயவரம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை, வேதாரண்யம் என்று அத்தனை ஊர்ப் பிள்ளைகளையும் தாண்டித்தான் 1988இல் ஒருவர் முதலாவதாக வந்திருக்க முடியும். 1997இல் திருவாரூரும் 2020இல் மயிலாடுதுறையும் தனி மாவட்டங்கள் ஆயின. அன்றைய ஒரு மாவட்டம் இன்று நான்கு. அதனால் விதியை இப்படி எழுதலாம்: பொதுவாக மாநிலப் போட்டியில் பதக்கம் அல்லது தமிழ்நாட்டுக்காகத் தேசியப் போட்டியில் ஆடியிருப்பது தகுதி. 1991க்கு முந்தைய பழைய தஞ்சை மாவட்டத்தில் முதலிடம் பெற்றவரையும் பரிசீலிக்கலாம். இதை எழுதாமல் விட்டால் மூத்த தலைமுறை மொத்தமும் வெளியே நின்றுவிடும், அவர்கள் காலத்தில் சென்னைக்குப் போய் ஆட ரயில் கட்டணமே பெரிய தடை.

ஓட்ட நேரங்களையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. பழைய சான்றிதழ்களில் 100 கெஜம் என்றிருக்கும். அது 91.44 மீட்டர்தான். ஸ்டாப்வாட்ச்சைக் கையால் அழுத்தி எடுத்த நேரம் மின்னணு நேரத்தைவிடக் குறைவாகவே காட்டும். ஒப்பிடும்போது 100, 200 மீட்டருக்கு 0.24 விநாடியும் 400 மீட்டருக்கு 0.14 விநாடியும் கூட்டிக்கொள்வது வழக்கம். ஈட்டி எறிதலில் 1986இல் ஆண்களுக்கான ஈட்டியின் அமைப்பையே மாற்றி, எடை மையத்தை முன்னால் தள்ளினார்கள். அதற்கு முந்தைய தூரமும் பிந்தைய தூரமும் வேறு வேறு கணக்கு. ஆகவே பலகையில் நேரமோ தூரமோ போடாமல், போட்டி, ஆண்டு, இடம் மூன்றை மட்டும் போடுங்கள். நேரமும் தூரமும் பதிவேட்டில் இருக்கட்டும்.

குழு ஆட்டங்களில் அணித்தலைவர் பெயரை மட்டும் போடுவது பெரிய அநியாயம். கபடியில் களத்தில் ஏழு பேர், வெளியே ஐந்து பேர், ஆக பன்னிரண்டு பேர். பூப்பந்தில் ஒரு பக்கம் ஐந்து பேர். தொடர் ஓட்டத்தில் நான்கு பேர். பத்திரிகைச் செய்தியில் தலைவர் பெயர்தான் வந்திருக்கும். முழு அணியின் பெயரும் அநேகமாகக் குழுப் புகைப்படத்தின் அடியிலோ போட்டி நுழைவுப் படிவத்தின் நகலிலோதான் இருக்கும். அது கிடைக்கும்வரை அந்த அணியை அறிவிக்க வேண்டாம். பன்னிரண்டில் பதினொரு பெயரைப் போட்டு ஒன்றை விட்டால், அந்த ஒருவர் அந்த வழியாக நடக்கும்போதெல்லாம் அவருக்கு அது குத்தும்.

தகுதி விதியில் மிக முக்கியமானது ஒன்று உண்டு. 'இந்தப் பள்ளியில் தேர்ச்சி பெற்றவர்' என்று எழுதவே கூடாது. 'இந்தப் பள்ளிக்காக ஓர் ஆண்டாவது ஆடியவர்' என்று எழுத வேண்டும். நல்ல ஆட்டக்காரர்களில் பலர் பத்தாம் வகுப்பில் தவறி நின்றவர்கள். சிலர் எட்டாம் வகுப்பிலேயே விளையாட்டு விடுதிக்குத் தேர்வாகிப் போனவர்கள். 1978க்கு முன்னால் பள்ளியின் கடைசி வகுப்பு பதினொன்று, அந்த எஸ்.எஸ்.எல்.சி.யைத் தாண்டாதவர்கள் எத்தனையோ பேர். மதிப்பெண் பலகையில் இவர்களுக்கு ஒருநாளும் இடம் கிடைக்காது. இந்தப் பலகையிலும் இல்லையென்றால் பிறகு எதற்கு இந்தப் பலகை?

பெயர் திரட்டும்போது முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குழுவை மட்டும் நம்பினால் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள்தான் கிடைப்பார்கள். ஆடியவர்களில் பாதிப் பேர் அந்தக் குழுவில் இல்லை. ரயில்வேயிலும் காவல் துறையிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களிடம் கேளுங்கள். கபடி என்றால் வடுவூர்ப் பக்கம் போய்ப் பழைய ஆட்டக்காரர்களிடம் கேளுங்கள், எதிரணியில் ஆடியவருக்கு உங்கள் பள்ளி ஆட்டக்காரர் பெயர் நன்றாகவே நினைவிருக்கும். ஊரில் எல்லாத் தெருவுக்கும் போக வேண்டும், குடியானத் தெருவோடு நின்றுவிடக் கூடாது. பலகையில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வரக் கூடாது. பழைய பதிவேட்டில் இருந்தாலும் எடுத்துவிட வேண்டும். ஊர்ப் பெயர் போதும், தெருப் பெயர் வேண்டாம். நம் பக்கத்தில் தெருவைச் சொன்னாலே மற்றதெல்லாம் தெரிந்துவிடும்.

பெண்களைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். பள்ளியில் அப்பாவின் முதலெழுத்து 'கே', கல்யாணத்துக்குப் பின் கணவரின் முதலெழுத்து 'ஆர்', ஊரும் மாறியிருக்கும். இங்கே உதவுவது சேர்க்கைப் பதிவேடு. சேர்க்கை எண், அப்பா பெயர், பிறந்த ஊர் மூன்றும் அதில் இருக்கும். பிறந்த வீட்டில் அண்ணனோ தம்பியோ இருப்பார்கள், அவர்களிடமிருந்து கைபேசி எண் கிடைத்துவிடும். பலகையில் பள்ளிக் காலத்துப் பெயரையும் முதலெழுத்தையும் போடுவதே சரி, ஆனால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். 'ராஜேந்திரன்' என்பவர் 'இராஜேந்திரன்' என்றுதான் எழுதுவார் என்றால் அதையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். எழுத்தை இறுதி செய்யுமுன் ஒவ்வொருவருக்கும் அவருடைய வரியைப் படமெடுத்து அனுப்பி ஒப்புதல் வாங்கினால் பிழை வராது.

சான்றிதழை யாரிடமிருந்தும் வாங்கிக்கொண்டு வரக் கூடாது. பலருக்கு அந்தக் காகிதம் ஒன்றுதான் மிச்சம். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் கரையேறியபோது, வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் கூரையோடு போன காகிதங்களுக்குக் கணக்கில்லை. வீட்டுக்கே போய்த் திண்ணையில், நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைத்துப் படமெடுங்கள். லேமினேட் செய்திருந்தால் பிளாஷ் போட வேண்டாம், கொஞ்சம் சாய்த்து எடுத்தால் பளபளப்பு விழாது. பழைய குழுப் படம் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கும். பிரிக்க முயன்றால் முகங்கள் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடிக்கு மேலேயே எடுத்துக்கொள்ளுங்கள். சான்றிதழே இல்லாதவருக்கு, உடன் ஆடிய இருவரும் எதிரணியில் ஆடிய ஒருவரும் தனித்தனியே எழுதித் தரும் கடிதத்தை ஏற்கலாம். மூவரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்து எழுதச் சொல்லக் கூடாது.

இனி பலகை. பிளெக்ஸ் வேண்டவே வேண்டாம், நம் வெயிலில் சீக்கிரமே வெளுத்துவிடும். கிரானைட் பார்க்க அழகு, ஆனால் வெட்டியதைத் திருத்த முடியாது. திருத்த வேண்டி வருமா என்பவர்களுக்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. லால்குடிப் பக்கத்தைச் சேர்ந்த ஆரோக்கிய ராஜீவ் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் கலப்பு 4x400 தொடர் ஓட்டத்தில் வெள்ளி பெற்ற இந்திய அணியில் ஓடினார். முதலில் வந்த பஹ்ரைன் அணியின் வீராங்கனை ஊக்கமருந்து விவகாரத்தில் சிக்கியதால், 2020இல் அந்த வெள்ளி தங்கமானது. கல்லில் வெள்ளி என்று வெட்டியிருந்தால் என்ன செய்வது? பதக்கம் பறிபோவதும் உண்டு, அப்போதும் திருத்தியாக வேண்டும்.

அதனால் மரப்பலகையும் ஒவ்வொரு பெயருக்கும் தனித் தகடும்தான் நல்லது. எட்டடி அகலம், நாலடி உயரத்தில் 19 மில்லிமீட்டர் தண்ணீர் தாங்கும் பிளைவுட். முன்பக்கம் மட்டும் பெயின்ட் அடித்துவிட்டுப் போவார்கள், விடாதீர்கள். நம் சுவர்களில் ஓதம் பின்னாலிருந்துதான் ஏறும். பின்பக்கத்துக்கும் நான்கு விளிம்புகளுக்கும் பிரைமர் இரண்டு பூச்சு அடிக்க வேண்டும். சுவருக்கும் பலகைக்கும் நடுவே ஓர் அங்குல அலுமினியச் சட்டம் வைத்துக் காற்று போக இடம் விடுங்கள். தரையைத் தொடவே கூடாது, கரையான் அந்த வழியாகத்தான் வரும். பித்தளைத் தகடு கும்பகோணத்தில் நன்றாகக் கிடைக்கும், ஆனால் நாகை, வேதாரண்யம் உப்புக் காற்றில் கறுத்துப் போகும். கடலோரப் பள்ளிகளுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடும் அதே உலோகத் திருகும்தான் சரி.

எழுத்து உயரம் பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குலம் என்பார்கள். தமிழில் 'ணூ', 'ழு' போன்ற எழுத்துகள் கீழே இறங்குவதால் வரிக்கு வரி இரண்டரை அங்குலம் தேவை. தலைப்புக்கு எட்டு அங்குலமும் அடியில் இரண்டு அங்குலமும் போக, ஒரு பத்தியில் 15 வரி, இரண்டு பத்தியில் 30. ஆண்டுக்கு மூன்று பேர் என்று வைத்தால் பத்தாண்டு ஓடும். அணிகளுக்குத் தனிப் பலகை. இடம், தலைமையாசிரியர் அறை அல்ல, பிரார்த்தனை முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போகும் நடைவழி. வடகிழக்குச் சாரல் அடிக்காத சுவராகப் பார்த்து, கடைசி வரி தரையிலிருந்து மூன்றரை அடியில் வருகிற மாதிரி மாட்டினால் ஆறாம் வகுப்புப் பிள்ளையும் நின்று படிக்கும்.

விழாவை ஐப்பசி, கார்த்திகையில் வைக்காதீர்கள், மைதானம் சேறாக இருக்கும். மார்ச்சில் பொதுத்தேர்வு. பொங்கல் விடுமுறையை ஒட்டிய நாள்தான் வெளியூர்க்காரர்களுக்கும் வசதி. அப்போது சம்பா அறுவடையும் தொடங்கியிருக்கும் என்பதால், காலையில் வைக்காமல் பிற்பகல் மூன்றரைக்கு மேல் வைப்பது நல்லது. கூலி வேலைக்குப் போகிறவர் அன்றைய வருமானத்தை விட்டுவிட்டுத்தான் வருவார். பஸ் செலவோடு அன்றைய கூலியையும் உறையில் வைத்து, மேடையில் இல்லாமல் முன்கூட்டியே வீட்டில் கொடுத்துவிட வேண்டும். அழைப்பிதழைத் தபாலில் அனுப்பாமல் நேரில் போய், "அண்ணே, நீங்க வந்தாத்தான் இது நடக்கும்" என்று கூப்பிட வேண்டும். அறுபது வயதுக் கபடி ஆட்டக்காரருக்கு முழங்கால் போயிருக்கும். மேடைக்குப் படி வைக்காமல் சரிவுப் பாதையும், கைப்பிடியுள்ள நாற்காலியும் போடுங்கள். சிறப்பு விருந்தினர் பேச்சுக்கு முன்னாலேயே இவர்களுக்கான மரியாதையை முடித்துவிட வேண்டும். பின்னால் வைத்தால் பந்தல் காலியான பிறகு இவர்களுக்குப் பொன்னாடை போர்த்துவது போலாகும்.

அறிவிப்பாளர் கையில் ஒவ்வொருவருக்கும் ஐந்து வரி எழுதிக் கொடுங்கள்: பெயர், ஊர், படித்த ஆண்டுகள், ஆட்டம், சாதனை. இப்போது என்ன தொழில் செய்கிறார் என்பதை, அவர் சொல்லச் சொன்னால் தவிர, சொல்ல வேண்டாம். "இவ்வளவு சாதித்தவர் இன்று மூட்டை தூக்குகிறார்" என்று உருக்கமாகப் பேசும் அறிவிப்பாளர்கள் இருக்கிறார்கள். அது அவரைக் கூட்டத்துக்கு நடுவில் நிற்கவைத்துப் பரிதாபம் தேடுவது. நினைவுப் பரிசு தஞ்சாவூர் கலைத்தட்டு கொடுத்தால் ஊருக்கும் பெருமை, அதில் கொடுப்பவரின் பெயரைவிடப் பெறுபவரின் பெயர் பெரிதாக இருக்கட்டும். மறைந்தவர்களுக்காக மனைவியோ பிள்ளையோ அம்மாவோ வாங்கலாம். யார் வாங்குவது என்று குடும்பமே முடிவு செய்யட்டும்.

உடற்கல்வி ஆசிரியருக்கு மாறுதல் வந்தால் இந்த வேலை அப்படியே நின்றுபோவதுதான் பல ஊர்களில் நடக்கிறது. பதிவேடு அவருடைய பீரோவில், படங்கள் அவருடைய கைபேசியில். அதனால் பதிவேட்டுக்குப் பக்க எண் போட்டுத் தலைமையாசிரியர் கையெழுத்து வாங்கி, இருப்புப் பதிவேட்டில் ஒரு பொருளாக ஏற்ற வேண்டும். பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் பந்து, வலை, குண்டு, ஈட்டி ஆகியவற்றோடு இந்தப் பதிவேட்டுக்கும் ஒரு வரி சேர்த்து, கொடுப்பவரும் வாங்குபவரும் கையெழுத்திட வேண்டும். படங்களின் நகல் ஒன்று பள்ளிக் கணினியிலும், இன்னொன்று பென் டிரைவில் முன்னாள் மாணவர் சங்கச் செயலாளரிடமும் இருக்கட்டும்.