பனியாற்றின் முன் கடைசிக் கடல் நாள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எந்த உணவுக்கடையில் உட்கார்ந்தாலும், நான் உல்லாசக் கப்பலில் வேலை பார்த்தவன் என்று தெரிந்தவர்கள் முதலில் சம்பளத்தைக் கேட்பார்கள், அடுத்ததாக, "ஐஸ் மலையெல்லாம் பார்த்தியா தம்பி?" என்பார்கள். பார்த்தேன் என்பதுதான் உண்மை. ஆனால், அதைப் பார்த்த நாள் பயணிகளுக்கு ஒரு நாளாகவும் எங்களுக்கு வேறொரு நாளாகவும் இருந்தது என்பதைத் தேநீர் ஆறுவதற்குள் விளக்கிவிட முடிவதில்லை.

கனடாவின் வான்கூவரில் புறப்பட்டு அலாஸ்காவின் சீவார்டில் முடியும் ஒரு வாரப் பயணத்தில், கடைசி நாள் முழுவதும் கப்பல் கடலிலேயே இருக்கும். அன்றுதான் ஹப்பார்டு பனியாற்றை நெருங்குவோம். சுமார் 122 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பனியாறு, ஏறக்குறைய 10 கிலோமீட்டர் அகலத்தில் கடலைத் தொட்டு நிற்கிறது. அலாஸ்காவின் பெரும்பாலான பனியாறுகள் பின்வாங்கிக்கொண்டிருக்க, இதுவோ முன்னேறி வருவது ஒரு விந்தை. 1986-லும் 2002-லும் அருகிலிருந்த ரஸ்ஸல் ஃபியோர்டு என்னும் குறுகிய கடற்கழியின் வாயையே அடைத்து, அதைத் தற்காலிகமாக ஏரியாக்கியிருக்கிறது.

நான் அறைப் பணியாளன். கப்பல் பனியாற்றின் முன் வேகத்தைக் குறைத்ததும் பயணிகள் எல்லாரும் போர்வையும் கேமராவுமாக மேல்தளத்துக்குப் போய்விடுவார்கள். ஆகவே அறைகள் காலியாக இருக்கும் நல்ல நேரமும் அதுதான். மேலே தோளோடு தோள் உரசி நின்றவர்களைவிட, மாடத்தோடு கூடிய அறையில் படுக்கை விரிப்பை உதறிக்கொண்டிருந்த எனக்குப் பல வேளைகளில் தெளிவான காட்சி கிடைத்தது. இரு பக்கத்தாரும் பார்க்க வேண்டும் என்பதற்காகக் கப்பலை மெதுவாகச் சுற்றுவார்கள். நான் தலையணை உறையை மாட்டி முடிப்பதற்குள் நீலச் சுவர் கண்ணாடிக் கதவுக்குள் நுழைந்து மறுபக்கமாக வெளியேறிவிடும். காற்றுக் குமிழிகள் நசுங்கி இறுகிய பனி சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதால்தான் அந்த நீலம். அடியில் கடல்நீர், பாறைத்தூள் கலந்து சாம்பல் நிறத்தில் கிடக்கும். மிதக்கும் கட்டிகளின் மேல் கடல்நாய்கள் படுத்திருக்கும். பனி சரிந்து விழுவதைக் கண் முதலில் பார்த்துவிடும். இடிபோன்ற ஓசை சில விநாடிகள் கழித்தே வந்து சேரும். அந்த இடைவெளியில் கை தானாக நின்றுவிடும். விருந்தினர் மாடத்தில் நாங்கள் நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது என்பது விதி. உள்ளே நின்று பார்க்கலாமா என்பதைப் பற்றி எவரும் எதுவும் சொன்னதில்லை, நானும் கேட்கவில்லை.

மாலையானதும் நாள் எங்கள் பக்கம் சாய்ந்துவிடும். மறுநாள் இறங்குவோர் தங்கள் பெட்டிகளில் வண்ணச் சீட்டுக் கட்டி, இரவு குறிப்பிட்ட நேரத்துக்குள் அறை வாசலில் வைத்துவிட வேண்டும். ஒரு தாழ்வாரம் முழுவதும் வாசலுக்கு வாசல் பெட்டிகள் நிற்கும். ஏறும்போது இலேசாக இருந்த பெட்டி, ஒவ்வொரு துறைமுகத்திலும் வாங்கிய சால்மன் டப்பாக்களும் கம்பளிச் சட்டைகளும் சேர்ந்து இடுப்பை ஒடிக்கும் கனமாகியிருக்கும். பணியாளர்களுக்கான கீழ்த்தள நடைபாதையில், கையில் பட்டியலோடு நிற்கும் மேற்பார்வையாளர் முன் நாங்கள் வரிசையாகப் பெட்டிகளை அடுக்குவதைப் பார்த்தால், விடியற்காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் வரிசையில், தோட்டக் கணக்கரான கிராணியின் முன் நின்ற எங்கள் தோட்டத்துச் சனங்களின் நினைவு வரும்.

2013-இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது. அதை இரண்டு துண்டுகளாகப் பிரிக்கவும் அனுமதிக்கிறது. அந்தக் கடைசி இரவில் எங்களுக்கு வாய்த்தது துண்டு ஓய்வுதான். அங்கே இரவு பத்து மணியென்றால் இங்கே மறுநாள் பிற்பகல் இரண்டு. பெட்டிகளுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் அம்மாவை அழைத்தால், மதியச் சோறு முடித்து ஓய்ந்திருப்பார். "பனி எப்படியிருந்துச்சு?" என்பார். அவர் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிப் பால் எடுத்த தோட்டத்தில் இப்போது செம்பனைதான் நிற்கிறது. வேலை செய்த இடத்தைப் பற்றி அவரிடம் கேட்டாலும், மரத்தின் அழகைவிட வாளியின் கனத்தைத்தான் முதலில் சொல்வார்.

சீவார்டில் காலையில் ஒரு கூட்டம் இறங்கி, பிற்பகலிலேயே அடுத்த கூட்டம் ஏறிவிடும். தெற்கு நோக்கித் திரும்பும் அந்தப் பயணத்தில் ஹப்பார்டு முதல் கடல் நாளிலேயே வந்துவிடுகிறது. இரண்டில் எது பிடிக்கும் என்று கேட்டால், தயங்காமல் தெற்குப் பயணத்தையே சொல்வேன். பனியாறு அதே பனியாறுதான், ஆனால் அன்றிரவு தாழ்வாரத்தில் ஒரு பெட்டிகூட இருக்காது.