கடவுச்சொல் 465 ஆம் போர்ட் வழியாகவே வரட்டும்

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் இயங்கும் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் மின்னஞ்சல் சேவையகத்தைக் கவனித்துக்கொள்வது என் பொறுப்பு. அஞ்சலை அனுப்புவது போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மென்பொருள். அனுப்புபவர் யார் என்று சரிபார்ப்பது டவ்காட் என்ற மற்றொரு மென்பொருள். தைப்பூசக் காவடி நெருங்கினால் பல நிர்வாகிகளின் கைபேசிகளிலிருந்து அஞ்சல்கள் குவியும் என்பதால், அதற்கு முன்பே அங்கீகார அமைப்பைத் திருத்திவிட்டேன்.

தரவை எழுத்துகளாக மாற்றி எழுதும் பேஸ்64 வடிவத்தை மறையாக்கம் என்று நம்புபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடவுச்சொல்லை அப்படியே அனுப்பும் ‘பிளெய்ன்’ என்ற அங்கீகார முறையில் கைபேசி அனுப்பும் அந்த எழுத்துச் சரத்தை எந்தக் கணினியிலும் நொடியில் பிரித்துப் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் படித்துவிடலாம். ஆகவே, காப்பு முழுவதும் இணைப்பையே மறையாக்கும் டிஎல்எஸ்ஸிடமே இருக்கிறது. கிராம்-எம்டி5 என்ற இன்னொரு அங்கீகார முறை, அனுப்பும் வழியில் கடவுச்சொல்லை மறைக்கும் என்றாலும், அதற்காகச் சேவையகத்தில் கடவுச்சொல்லையோ அதற்கு நிகரான ஒன்றையோ வைத்திருக்க வேண்டும். முன்வாசலைப் பூட்டிக் கொல்லைக் கதவைத் திறந்துவைக்கும் ஏற்பாடு அது. டிஎல்எஸ்ஸுக்குள் பிளெய்ன், சேமிப்பில் கடவுச்சொல்லை மீட்க முடியாதபடி மாற்றிவைக்கும் ஆர்கான்2ஐடி என்பதே என் தேர்வு.

கைபேசி சேவையகத்தோடு இணையும் எண்ணிட்ட வாசல்தான் போர்ட். 587 ஆம் போர்ட்டில் உரையாடல் வெளிப்படையாகத் தொடங்கி, ஸ்டார்ட்டிஎல்எஸ் கட்டளைக்குப் பிறகே மறையாக்கத்துக்கு மாறுகிறது. நடுவில் இருப்பவர் அந்த அறிவிப்பை நீக்கிவிட்டால், ‘முடிந்தால் மட்டும் டிஎல்எஸ்’ என்று அமைத்த செயலி கடவுச்சொல்லை வெளிப்படையாகவே அனுப்பிவிடக்கூடும். 465 இலோ முதல் பைட்டிலிருந்தே டிஎல்எஸ்தான். 2018 இல் வெளியான ஆர்எஃப்சி 8314 என்ற இணையத் தர ஆவணம் இந்த முறைக்கே முன்னுரிமை தருகிறது. நிர்வாகிகள் அனைவரையும் அதற்கு மாற்றினேன். பலருடைய கைபேசி மெனு பிரெஞ்சில் இருப்பதால், தமிழ்க் குறிப்போடு கைபேசித் திரையின் படங்களையும் சேர்த்து அனுப்ப வேண்டியிருந்தது.

25 ஆம் போர்ட் சேவையகங்கள் தமக்குள் அஞ்சல் பரிமாறிக்கொள்வதற்கானது. அங்கே அங்கீகாரத்தை நிறுத்திவிட வேண்டும். அதில் இணைந்து, சேவையகத்தின் வசதிகளைக் கேட்கும் ஈஹெச்எல்ஓ என்ற கட்டளையைத் தட்டினால், வரும் பதிலில் அங்கீகாரத்தைக் குறிக்கும் ‘ஆத்’ என்ற வரி இருக்கக் கூடாது.

அதிகம் மறக்கப்படுவது வேறொன்று. கடவுச்சொல் சரியாக இருந்தாலே பொருளாளரின் முகவரியை அனுப்புநராகப் போட்டுக்கொள்ள எவரையும் போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக அனுமதிக்கும். எந்தப் பயனருக்கு எந்த முகவரி என்ற பட்டியலைக் கொடுத்து, பொருந்தாதவற்றை மறுக்கச் சொல்ல வேண்டும்.

தவறான கடவுச்சொல்லுடன் பலமுறை முயலும் இணைய முகவரியைத் தடுக்கும் ஃபெயில்2பேன் நல்ல காவல்தான். ஆனால் பழைய கடவுச்சொல்லுடன் ஒரு பெரியவரின் கைபேசி விடாமல் முயன்றால், ஒரே ரவுட்டரைப் பயன்படுத்தும் அலுவலகம் முழுவதும் தடைபடும். டிஎல்எஸ்ஸுக்காக லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு தரும் 90 நாள் சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டதும் போஸ்ட்ஃபிக்ஸையும் டவ்காட்டையும் தானாக ரீலோட் செய்ய ஏற்பாடு செய்துவிட்டேன்.