ஏழுக்கு மேல் சேர்ந்தால் கொள்ளையர்: இருவர் ஆடும் கேட்டான்

கேட்டான் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது 1995இல் கிளவுஸ் டாய்பர் உருவாக்கிய அறுகோணப் பலகை விளையாட்டுதான். அதற்குக் குறைந்தது மூன்று பேர் வேண்டும். வீட்டில் இருப்பதோ நானும் தங்கையும் மட்டும் என்பதால், அதே உலகத்தை இருவருக்கென அட்டைகளில் அவர் வடித்த 'தி ரைவல்ஸ் ஃபார் கேட்டான்' எங்களுக்குப் பலகையைவிடவும் நெருக்கமாகிவிட்டது. 1996இல் வந்த முதல் அட்டை விளையாட்டை 2010இல் அவரே திருத்தி அமைத்த வடிவம் இது.

ஆட்டம் தொடங்கும்போது ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு சாலையால் இணைந்த இரண்டு குடியிருப்புகளும், அவற்றைச் சுற்றி மேலே மூன்றும் கீழே மூன்றுமாக ஆறு நில அட்டைகளும் இருக்கும். காடு மரத்தையும், மேய்ச்சல் நிலம் கம்பளியையும், வயல் தானியத்தையும், குன்று செங்கல்லையும், மலை தாதுவையும் தரும். ஆறாவது நிலம் தங்கம் தரும். பலகையில் இருப்பதுபோல வளங்களைத் தனி அட்டைகளாகக் கையில் வைத்திருப்பதில்லை. நில அட்டையின் நான்கு விளிம்புகளும் சுழியம் முதல் மூன்று வரையிலான இருப்பைக் காட்டுவதால், வளம் கிடைத்தால் அட்டையை ஒரு கால் சுற்றுத் திருப்ப வேண்டும், செலவழித்தால் மறுபக்கம் திருப்ப வேண்டும். மூன்று நிறைந்த நிலத்தின் பகடை எண் மறுபடி விழுந்தால் அந்த விளைச்சல் வீண்தான். இந்த விளையாட்டின் உயிரே இந்தச் சிறிய திருப்பலில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஏனென்றால் எதிராளியிடம் என்ன இருக்கிறது என்பது எப்போதும் கண்ணுக்குத் தெரிகிறது, அதே சமயம் எதையும் நெடுநாள் சேர்த்துவைக்கவும் முடிவதில்லை.

ஒவ்வொரு முறையும் இரண்டு பகடைகள் உருளும். ஒன்று விளைச்சலுக்கானது, அதில் விழும் எண்ணுக்குரிய நிலங்கள் இருவருக்குமே விளையும். மற்றொன்று நிகழ்வுப் பகடை. அதில் கொள்ளையர் முகம் விழுந்தால், ஏழு வளங்களுக்கு மேல் வைத்திருப்பவர் தம்மிடமுள்ள தங்கம் முழுவதையும் கம்பளி முழுவதையும் இழக்க வேண்டும். மற்ற நிகழ்வுகள் விளைச்சலுக்குப் பின்னர் நடக்கும், கொள்ளை மட்டும் விளைச்சலுக்கு முன்னரே நடந்துவிடும் என்ற விதியை நாங்கள் முதல் சில மாதங்கள் கவனிக்காமல் விளைச்சலையும் சேர்த்தே எண்ணிக்கொண்டிருந்தோம். இந்த வரிசை மாறினால் ஆட்டமே மாறிவிடும்: சரியாக ஏழுடன் பகடையை உருட்டுபவர் விதிப்படி தப்பிவிடுவார், நாங்கள் ஆடிய விதத்திலோ அவர் மாட்டிக்கொள்வார்.

சென்ற வாரம் என்னிடம் தங்கம் மூன்று, கம்பளி இரண்டு, தாது இரண்டு, தானியம் ஒன்று என எட்டு இருந்தன. நகரம் கட்ட மூன்று தாதுவும் இரண்டு தானியமும் வேண்டும் என்பதால் இன்னும் ஒரு சுற்று பொறுக்கலாம் என்று எதையும் செலவழிக்காமல் விட்டேன். "எண்ணிப் பாத்தியா அண்ணா?" என்று கேட்டபடியே தங்கை பகடையை உருட்டினாள், கொள்ளையர் விழுந்தனர், எனக்கு மூன்று வளங்களே மிஞ்சின. அவளுடைய மலைக்கும் தங்க நிலத்துக்கும் நடுவே கிடங்கு ஒன்று இருந்தது. கிடங்கின் இருபக்கமும் உள்ள நிலங்களின் இருப்பு கொள்ளையின்போது கணக்கில் வராது. எந்தக் கட்டடத்தை வாங்குவது என்பதைவிட, அதை எந்த இரண்டு நிலங்களுக்கு நடுவே வைப்பது என்பதே இங்கு பெரிய கேள்வி. செங்கல் சூளை, மாவு ஆலை போன்றவையும் தம்மை ஒட்டிய உரிய நிலத்தின் விளைச்சலை மட்டுமே இரட்டிப்பாக்கும். ஒரு குடியிருப்பில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு கட்டடங்களுக்கே இடமுண்டு. நகரமாக உயர்த்தினால்தான் அது நான்காகும்.

அறிமுக ஆட்டம் ஏழு வெற்றிப் புள்ளிகளில் முடிந்துவிடும். பெட்டியிலேயே தங்கம், கலவரம், முன்னேற்றம் ஆகிய மூன்று காலங்களுக்கான அட்டைக் கட்டுகளும் உண்டு. அவற்றில் ஒன்றைச் சேர்த்து ஆடினால் பன்னிரண்டு புள்ளிகள் வேண்டும், மூன்றையும் கலந்து ஆடும் இளவரசர் போட்டிக்குப் பதின்மூன்று. முன்னேற்றக் காலத்தைத்தான் முதலில் சேர்க்கச் சொல்வேன், ஏனென்றால் அதில் பல்கலைக்கழகம் போன்ற கட்டடங்களை நம்பி நீண்ட திட்டம் போடலாம். கலவரக் காலத்தின் அட்டைகள் நேரடியாக எதிராளியைத் தாக்குபவை. அரும்பாடுபட்டு எழுப்பிய ஒன்று ஒரே அட்டையில் பறிபோவதைத் தாங்கும் மனநிலை இருவருக்கும் இருக்கும் இரவில் மட்டுமே நாங்கள் அதை எடுக்கிறோம்.

பின்னர் 2011இலும் 2012இலும் இரண்டு விரிவாக்கங்கள் வந்தன. இருண்ட காலம் எனப்படும் முதலாவதில் சூழ்ச்சி, வணிக இளவரசர், காட்டுமிராண்டிகள் என மூன்று கட்டுகள். அறிவொளிக் காலம் எனப்படும் இரண்டாவதில் ஆய்வுப் பயணிகள், ஞானியர், செழிப்பு என மூன்று. முதலாவது போட்டியைக் கூர்மையாக்குகிறது, இரண்டாவது நாட்டை விரிவாக்குகிறது. அவரவர் அட்டைக் கட்டை அவரவரே தேர்ந்து அமைத்துக்கொள்ளும் போட்டி முறை ஆட்டத்துக்கு இவற்றின் அட்டைகள் பெரிதும் உதவுகின்றன. தங்கை இரண்டு நாட்களாகத் தன் கட்டை என் கண்ணில் படாமல் அடுக்கிக்கொண்டிருக்கிறாள்; அதில் கிடங்கு இருக்கும் என்பது மட்டும் எனக்கு உறுதி.