வீட்டில் கடைசியாகப் படுத்தது யார்? ஓல்டு பெய்லி வழக்குகளில் தூக்கத்தைத் தேடுகிறேன்

லண்டனின் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் 1674 முதல் 1913 வரை நடந்த விசாரணைகளின் அச்சுப் பதிப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஏறக்குறைய 1,97,000 வழக்குகள். அந்த ஊர்க்காரர்கள் எப்போது படுத்தார்கள், எப்போது எழுந்தார்கள் என்று இவற்றில் தேடுவதுதான் கொஞ்ச காலமாக என் மாலைநேர வேலை. ஹான்ஸ்-யோவாகிம் வோத் என்ற பொருளாதார வரலாற்றாளர், சாட்சிகள் போகிறபோக்கில் சொன்ன நேரங்களைச் சேர்த்து, 1750-க்கும் 1830-க்கும் இடையில் இங்கிலாந்தில் மக்கள் எவ்வளவு நேரம் உழைத்தார்கள் என்று கணக்கிட்டார். அந்த வழிதான் எனக்கும் பிடித்துப்போனது.

‘படுக்கை’ என்று தேடினால் திருட்டுப்போன விரிப்புகளும் போர்வைகளும்தான் வந்து குவிகின்றன. பலன் தந்தவை கன்னக்களவு வழக்குகள். அதற்குக் காரணம் சட்டம். இரவில், சாத்தியிருந்த வீட்டை உடைத்து நுழைந்தால்தான் அது கன்னக்களவு. அன்று அதற்குத் தூக்குத் தண்டனை உண்டு. பகல் வெளிச்சத்தில் நடந்திருந்தால் வேறு குற்றம். ஆள் முகம் தெரியும் அளவுக்குப் பகல் வெளிச்சம் இருந்தால் அது இரவு இல்லை என்பதே பழைய கணக்கு. இரவு 9 முதல் காலை 6 வரை என்று கடிகாரத்தை வைத்து வரையறுத்தது 1837-ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே கதவு பூட்டியிருந்ததா, அப்போது இருட்டா என்ற இரண்டையும் சாட்சி சொல்லியே ஆக வேண்டும். வீட்டில் கடைசியாகப் படுத்தது யார், எத்தனை மணிக்கு, காலையில் முதலில் இறங்கி வந்தது யார் என்ற விவரம் வழக்குக்கு வழக்கு வருவது அதனால்தான். தூக்கத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அதனாலேயே இந்தப் பதில்களை நம்புகிறேன்.

எல்லாவற்றையும் எக்செல்லில் ஏற்றுகிறேன். மணி எப்படித் தெரிந்தது என்பதற்குத் தனியாக ஒரு கட்டம் உண்டு: தேவாலய மணியா, வீட்டுக் கடிகாரமா, தெருவில் மணி சொல்லிப் போகும் இரவுக் காவலரின் குரலா? ‘பத்து, பதினொன்று இருக்கும்’ என்று சொன்னவர்களுக்கு ஒரே எண்ணைப் போடாமல் இரண்டையும் போடுகிறேன்.

இதில் ஒரு சிக்கல். கதவைச் சாத்துவது பெரும்பாலும் வீட்டுக்காரர். விடியலில் இறங்கி வருவது வேலைக்காரப் பெண். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் வருவது வீடு அடங்கிக் கிடந்த நேரமே தவிர, ஒருவர் தூங்கிய நேரம் அல்ல. ஒரே பெண் இரவில் பூட்டி, காலையில் அவளே திறந்ததாகச் சொல்லும் வழக்குகளை மஞ்சள் அடித்துத் தனியே வைக்கிறேன். என் கண்ணுக்கு இந்தக் குவியலிலேயே பெரிய சொத்து அவைதான்.

அக்காலத்தில் மக்கள் முதல் தூக்கம், நடுவில் விழிப்பு, பிறகு இரண்டாம் தூக்கம் என்று இரவில் இரண்டு தவணையாகத் தூங்கினார்கள் என்ற வரலாற்றாளர் ரோஜர் எகிர்ச்சின் வாதத்தையும் மனதில் வைத்தே படிக்கிறேன். ‘முதல் தூக்கம்’ என்ற சொல் கண்ணில் பட்டதுமே அதைச் சான்றாக எடுத்துக்கொள்வதில்லை. நடுவில் எழுந்து ஏதாவது வேலை பார்த்ததாகச் சாட்சி சொன்னால்தான் குறித்துக்கொள்கிறேன்.

அடுத்தது பருவம். லண்டனில் ஜூன் மாதச் சூரியன் நான்கு மணிக்கு முன்பே எழும், டிசம்பரில் எட்டாகிவிடும். வேலைக்காரப் பெண்ணின் விடியல் சூரியனோடு நகர்ந்ததா, முதலாளியின் கடிகாரத்தோடு நின்றதா என்று பார்க்க வேண்டும். இதற்கு, வழக்கு விசாரணைக்கு வந்த தேதியை விட்டுவிட்டுத் திருட்டு நடந்த தேதியை எடுக்க வேண்டும். 1752 செப்டம்பரில் இங்கிலாந்து நாட்காட்டியை மாற்றியதால், அதற்கு முந்தைய 18-ஆம் நூற்றாண்டுத் தேதிகளோடு 11 நாள் கூட்டிய பிறகே சூரிய உதயம் பார்க்கலாம். இப்போதைக்கு 1760-களின் வழக்குகளில் இருக்கிறேன். அங்கே அந்தக் கூட்டல் தேவையில்லை.