கொழிஞ்சாம்பாறை ஆய்வகக் குறிப்புகள்

ஜூன் 9

மூட்டு வலி, வெயில் பட்டால் கன்னத்தில் சிவக்கும் தடிப்பு, விடாத அசதி என்று மருத்துவர் எழுதிய சீட்டோடு ஒரு தாய் தம் மகளை அழைத்து வந்தார். உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் இரு ரத்தச் சோதனைகளில், இ.எஸ்.ஆர். 78 என உயர்ந்திருக்க, சி.ஆர்.பி. இயல்பாகவே இருந்தது. கிருமித் தொற்றில் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே ஏறும் என்பதால், இந்தப் பொருத்தமின்மை, உடலின் எதிர்ப்பாற்றல் தன் உறுப்புகளையே தாக்கும் லூபஸ் நோயாக இருக்குமோ என்று என்னை யோசிக்க வைத்தது. ரத்த வெள்ளணுக்களும் குறைந்து 3,200தான் இருந்தன. உயிரணுக்களின் உட்கருவையே எதிர்க்கும் எதிர்ப்பான்களைத் தேடும் ஏ.என்.ஏ. சோதனைக்காக, ரத்தம் உறைந்தபின் தெளியும் நீரான சீரத்தைப் பிரித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூருக்கு அனுப்பினேன்.

ஜூன் 13

ஏ.என்.ஏ. 1:640, சீரான ஒளிர்வு. கண்ணாடித் தகட்டில் வளர்த்த மனித உயிரணுக்களின் மேல் நீர்த்த சீரத்தை விட்டு, ஒளிரும் சாயம் சேர்த்து நுண்ணோக்கியில் பார்க்கும்போது, உட்கருக்கள் முழுவதும் பச்சையாக மின்னினால் அப்படிக் குறிப்பார்கள். 640 மடங்கு நீர்த்த பின்னும் அந்தப் பச்சை தெரிந்திருக்கிறது.

"ஏனுங்க அம்மிணி, பாசிட்டிவ்னா லூபஸேதானுங்களா?" என்று தாய் கேட்டார். நோயே இல்லாதவர்களிலும் நூற்றுக்கு ஐந்து பேருக்கு 1:160 அளவில் இது தெரியும் என்றும், நோயை உறுதிசெய்ய வேண்டியவர் மருத்துவர் என்றும் சொன்னேன். 2019இல் ஐரோப்பிய, அமெரிக்க வாதநோய் அமைப்புகள் லூபஸுக்கு வகுத்த வரையறையில் ஏ.என்.ஏ. 1:80 என்பது நுழைவாயில் மட்டுமே. அதற்கப்பால் அறிகுறிகளுக்கும் சோதனைகளுக்கும் சேர்த்துப் பத்துப் புள்ளிகளாவது வர வேண்டும். ஒற்றைத் தாளை வைத்துக்கொண்டு குடும்பங்கள் இரவெல்லாம் கலங்குவதைக் காண எனக்குப் பொறுக்கவில்லை.

ஜூன் 19

உட்கருவிலுள்ள மரபுப் பொருளான டி.என்.ஏ.வைத் தாக்கும் டி.எஸ். டி.என்.ஏ. எதிர்ப்பான் பாசிட்டிவ்; எதிர்ப்பாற்றலுக்குத் துணைநிற்கும் ரத்தப் புரதங்களான சி3, சி4 இரண்டும் குறைவு. அந்த வரையறைப்படி முன்னதற்கு 6 புள்ளி, பின்னதற்கு 4. மூட்டும் தோலும் ஏற்கெனவே சாட்சி சொல்கின்றன.

ஆனால் ரத்தத்துக்கு இவ்வளவு செலவழித்த சீட்டில் சிறுநீர்ச் சோதனை விடுபட்டிருந்தது. மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டு அதையும் செய்தேன். சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் பட்டையில் புரதம் இரண்டு பிளஸ். லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கும்போது தொடக்கத்தில் வலியே இருக்காது என்பதால், மிக மலிவான இந்தச் சோதனையை விட்டுவிடவே கூடாதென்பது என் உறுதியான கருத்து.

ஜூன் 21

இருபத்துநான்கு மணி நேரச் சிறுநீரில் 1.4 கிராம் புரதம். அரை கிராமைத் தாண்டினாலே சிறுநீரகத் திசுச் சோதனையைப் பற்றி யோசிப்பார்கள். எல்லாத் தாள்களையும் தேதி வரிசையில் அடுக்கிக் கொடுத்து, இன்றே வாதநோய் மருத்துவரைப் பார்க்க அனுப்பிவைத்தேன்.