மாலையில் மட்டும் தெரிந்த நோய்

காலையில் நான் நன்றாகவே இருப்பேன். மருத்துவர்கள் என்னைப் பார்த்ததெல்லாம் காலை வேளையில்தான். தசைகள் சீக்கிரமே சோர்ந்துபோகும் நோயான மயஸ்தீனியா கிராவிஸ் என்ற பெயர் என் காதில் விழ 11 மாதங்கள் ஆனதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தோன்றவில்லை.

முதலில் இடது இமை தாழ்ந்தது. மாலையில் விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். ஒரு கண்ணை மூடிக்கொண்டால் சரியாகிவிடும். கண்ணாடியை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. பிறகு குரல் போனது. நான் ஆசிரியை. முதல் வகுப்பில் கணீரென்று ஒலிக்கும் குரல், கடைசி வகுப்பில் மூக்கால் பேசுவதுபோல் குழறியது. தலைவாரத் தூக்கிய கை பாதியிலேயே இறங்கியது. ஒரு நாள் இரவு குடித்த தண்ணீர் மூக்கு வழியே வந்தது. இத்தனைக்கும் உடம்பில் எங்கும் வலி இல்லை. வலி இல்லை என்றதுமே கேட்பவர் முகத்தில் அக்கறை குறைவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மூளை ஸ்கேனில் குறையில்லை. தைராய்டு, ரத்த அளவு எல்லாம் சரி. ஒரு மருத்துவர் மன அழுத்தம் என்று சொல்லி மாத்திரை எழுதினார். இரண்டு மாதம் விழுங்கினேன். வேலைக்குச் சலித்துப்போய் உடம்பு சாக்குத் தேடுகிறதோ என்று என்னையே நான் சந்தேகிக்க ஆரம்பித்ததுதான் அந்த நாட்களின் பெரிய கொடுமை.

வழி காட்டியவர் என் கணவர். தினமும் காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் ஒரே நாற்காலியில் உட்காரவைத்து என் முகத்தைப் படம் எடுத்தார். "ஒன்றிலிருந்து ஐம்பது வரை சத்தமாக எண்ணு" என்று சொல்லி அதையும் பதிவு செய்தார். காலையில் ஐம்பதும் தெளிவாக வரும். இரவில் முப்பதைத் தாண்டும்போதே எண்கள் குழையும். மூன்று வாரப் படங்களைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டு ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனோம்.

அவர் அவசரப்படாமல் எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு, தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் உயர்த்தி மேற்கூரையையே பார்க்கச் சொன்னார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, இமை மெல்ல மெல்லச் சரிந்து கருவிழியை மூடியது. ரப்பர் கையுறைக்குள் ஐஸ் கட்டிகளைப் போட்டு முடிச்சிட்டு, மூடிய இமையின்மேல் 2 நிமிடம் வைத்தார். எடுத்ததும் கண்ணாடியை நீட்டினார். இமை மேலே ஏறியிருந்தது. குளிர்ந்த தசைக்கு நரம்பின் செய்தி சற்று நன்றாகப் போய்ச் சேரும் என்று அவர் விளக்கியது பாதிதான் காதில் விழுந்தது. நான் அழுதுகொண்டிருந்தேன்.

இந்த நோயில், நரம்பு அனுப்பும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைத் தசையில் வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளை, நம் உடலே உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள் தாக்குகின்றன. தசையை இயக்க இயக்க வலு குறைகிறது. ஓய்வு கொடுத்தால் திரும்புகிறது. ரத்தப் பரிசோதனையில் எனக்கு அந்த எதிர்ப்பொருள் இருப்பது உறுதியானது. எல்லோருக்கும் அப்படி வருவதில்லை. நோய் கண்ணோடு நின்றுவிடுபவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இல்லை என்றே முடிவு வரும். ஆகவே அந்த ஒரு தாளை நம்பி யாரும் தேடலை நிறுத்திவிடாதீர்கள். நோயாளிகளில் 10 முதல் 15 சதவீதம் பேருக்கு நெஞ்சிலுள்ள தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கும் என்பதால் நெஞ்சு ஸ்கேனும் எடுத்தார்கள். எனக்குக் கட்டி இல்லை.

நான் விழுங்கும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரைக்கு ஒரு முன்கதை உண்டு. 1934இல் மேரி வாக்கர் என்ற மருத்துவர், இந்த நோயின் தளர்ச்சி குராரே என்னும் அம்பு நஞ்சின் விளைவைப் போலவே இருப்பதைக் கவனித்து, அந்த நஞ்சின் முறிவு மருந்தான ஃபைசோஸ்டிக்மினைத் தம் நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்தார். தசைகள் வலுப்பெற்றன. என் மாத்திரை அதே குடும்பத்தது. அந்தப் பெண்மணியை நான் அடிக்கடி நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

மாத்திரை அரைமணி நேரத்தில் வேலை செய்யும். மூன்று நான்கு மணி நேரத்தில் வடியும். சாப்பாட்டுக்கு அரைமணி முன்பு போட்டால் விழுங்கும்போது புரையேறுவதில்லை. வயிற்றைப் பிசையும், அதற்குப் பழகிவிட்டேன். நோயை அடக்க பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கியபோது முதல் இரு வாரம் தளர்ச்சி அதிகமானது. மருத்துவர் முன்பே எச்சரித்திருந்ததால் தாக்குப்பிடித்தேன். கூடவே கொடுத்த, நோயெதிர்ப்பைத் தணிக்கும் அசாதியோப்ரின் பலன் காட்ட மாதக்கணக்கில் ஆகும். அதற்காகக் குறித்த இடைவெளியில் ரத்தமும் கல்லீரலும் சோதிக்கிறார்கள்.

கைப்பையில் ஓர் அட்டை வைத்திருக்கிறேன். நோயின் பெயரும், எனக்கு ஆபத்தாகக்கூடிய மருந்துகளின் பெயர்களும் அதில் உண்டு: சிப்ரோஃப்ளாக்சசின், ஜென்டாமைசின், பீட்டா பிளாக்கர் வகை, ஊசிவழி மக்னீசியம். ஒருமுறை காய்ச்சலுக்குப் போன இடத்தில் சிப்ரோஃப்ளாக்சசினையே எழுதிவிட்டார்கள். அட்டையைக் காட்டினேன், உடனே மாற்றிக் கொடுத்தார்கள். இன்னொன்றை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைத்திருக்கிறேன்: மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டினாலோ, எச்சில் விழுங்க முடியாமல் போனாலோ, இருமல் வலுவிழந்தாலோ நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் அளவு சரியாகத் தெரிகிறதே என்று காத்திருக்கக் கூடாது. மூச்சுத் தசைகள் சோர்ந்து வெகுநேரம் கழித்தே அது இறங்கும்.

என் வகுப்புகளையெல்லாம் முற்பகலுக்கு மாற்றித் தந்திருக்கிறார்கள். உட்கார்ந்தே நடத்துகிறேன். மாலையில் அழைப்பவர்களிடம் "நாளைக் காலை பேசலாமா" என்று கேட்கும்போது இப்போது குற்ற உணர்ச்சி வருவதில்லை.

மாதம் ஒருமுறை அந்த நாற்காலியில் இன்றும் உட்காருகிறேன். போன வாரம் இரவு 8 மணிக்கு எண்ணத் தொடங்கினேன். நாற்பத்தேழில் குரல் லேசாக மூக்குக்கு ஏறியது. விடாமல் ஐம்பதை முடித்தேன். கணவர் குறிப்பேட்டை எடுத்துத் தேதியையும் 47 என்ற எண்ணையும் எழுதிவைத்தார்.