ஊன்றி விழுந்த கை

இலங்கையின் ஹட்டனில் தேயிலைக் கொழுந்து கிள்ளிப் பழகிய எனக்கு, ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்து வேலை புதிது. கொழுந்துக்கு விரல் நுனி போதும். காப்பிக்கோ, கிளையை ஒரு கையால் வளைத்துப் பிடித்துக்கொண்டு, காய்களுக்கு நடுவே பழுத்ததை மட்டும் மறு கையால் திருகி எடுக்க வேண்டியிருப்பதால், மணிக்கட்டு நாள் முழுதும் திரும்பிக்கொண்டே இருக்கும். இலங்கைத் தோட்டத் தமிழரின் குடியுரிமை பற்றிய 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா வந்த என் பாட்டி வழி உறவினர் சேர்வராயன் மலையில் தங்கிவிட்டார்கள்; பல ஆண்டுகள் கழித்து அவர்கள் வீட்டுக்கே நான் மருமகளாக வந்தேன். பேச்சும் சாமியும் சாப்பாடும் அந்நியமாக இல்லை. ஆனால் குடும்ப அட்டையில் பெயர் ஏறவில்லை, காப்பீட்டு அட்டை இல்லை, உடம்புக்கு ஏதேனும் வந்தால் யாரிடம் போவதென்றும் தெரியாது. புது நாட்டில் என் முதல் முழுவதும் இந்த இரண்டு கைகள்தாம்.

பழம் பறிக்கும் பருவத்தில், மழையில் ஊறிக் கிடந்த சரிவில் கால் வழுக்கி, விரித்த வலக்கையை ஊன்றியபடி விழுந்தேன். கை கோணவில்லை, விரல்கள் அசைந்தன, வீக்கமும் கொஞ்சம்தான். அன்று பார்த்த மருத்துவர், எக்ஸ்ரேயில் முறிவு தெரியவில்லை, சுளுக்குதான் என்று சொல்லிக் கிரேப் பேண்டேஜ் சுற்றி அனுப்பினார். நாட்கள் சென்றும், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாலோ கதவின் தாழ்ப்பாளைத் திருகினாலோ கட்டைவிரலின் அடியில் வலி சுரீரென்று ஏறியது. லைன் வீடுகளில் பலரும் புத்தூர்க் கட்டுப் போடச் சொன்னார்கள். மாமியார் மட்டும், “நாள் தள்ள வேண்டாம் கண்ணு, கீழே பெரியாஸ்பத்திரியில காட்டிட்டு வந்துரலாம்” என்று முடிவாகச் சொல்லி, மறுநாள் முதல் பேருந்திலேயே என்னைச் சேலத்துக்கு அழைத்துச் சென்றார்.

அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் புறநோயாளிச் சீட்டுக்கு என்னிடம் எந்த அட்டையும் கேட்கவில்லை. எலும்பு முறிவுப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் முதலில் படத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். கட்டைவிரலை விறைப்பாக மேலே தூக்கச் சொன்னார். அப்போது அதன் அடியில், மேலெழும்பி நிற்கும் தசைநாண்களுக்கு நடுவே, ஒரு சிறு குழி விழும். அந்தக் குழியில் விரல் நுனியை வைத்து அழுத்தினார். பிறகு உள்ளங்கைப் பக்கம் மணிக்கட்டு ரேகையை ஒட்டி அழுத்தினார். கடைசியாகக் கட்டைவிரலைப் பிடித்து மணிக்கட்டை நோக்கி நேராகத் தள்ளினார். மூன்று இடத்திலும் நான் துடித்துப்போனேன். மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்து மீண்டும் ஒரு படம் எடுக்கச் சொன்னார். ஸ்கேபாய்டு என்ற மணிக்கட்டுச் சிற்றெலும்பின் இடுப்பில், அதாவது அதன் நடுப்பகுதியில், மயிரிழை போன்ற கோடு அதில் தெரிந்தது.

மணிக்கட்டின் 8 சிற்றெலும்புகளில் மிக அதிகமாக முறிவது இந்த ஸ்கேபாய்டுதான். முதல் நாள் படத்தில் இதன் முறிவு ஒளிந்துகொள்வதும் உண்டு. முறிந்த விளிம்புகள் சற்றுக் கரைந்து இடைவெளி விழுந்த பிறகே, அதாவது 10 முதல் 14 நாட்களில், கோடு புலப்படலாம். அதனால்தான் குழியில் வலி இருந்தால், படம் சுத்தமாக இருந்தாலும் முறிவென்றே கருதிக் கையை அசையாமல் கட்டி வைத்து மறுபடம் எடுக்கிறார்கள். வசதியுள்ள இடத்தில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் முன்கூட்டியே காட்டிவிடும். இதில் அவசரம் ஏன் என்றால், இந்த எலும்புக்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்க முனையிலிருந்து பின்னோக்கிப் பாய்கிறது. நடுவில் முறிந்தால் முழங்கைப் பக்கத்துத் துண்டு இரத்தமின்றிச் செத்துப்போகக்கூடும். ஒட்டாமல் விட்டால் சில ஆண்டுகளில் மணிக்கட்டு மூட்டே தேய்ந்துவிடும். எனக்குத் துண்டுகள் விலகவில்லை என்பதால் மாவுக்கட்டு போதுமானதாயிற்று. விலகியிருந்தால் திருகாணி வைத்து இறுக்க வேண்டியிருந்திருக்கும். விலகாத இடுப்பு முறிவு ஒட்டவே 8 முதல் 12 வாரங்கள் ஆகலாம் என்று கேட்டபோது, அத்தனை வாரக் கூலி போகிறதே என்றுதான் எனக்குக் கண் கலங்கியது.

மறுபரிசோதனைக்குக் காத்திருந்த வரிசையில் சேலத்தின் தொழில்கள் எல்லாம் கைகளாக வந்து உட்கார்ந்திருந்தன. வெள்ளிக் கொலுசுப் பட்டறைத் தொழிலாளி ஒருவர், விசைத்தறியில் விரல் நசுங்கிய ஒரு பெண், குளியலறையில் வழுக்கி மணிக்கட்டு பின்புறமாக வளைந்துபோன ஒரு பாட்டி. பாட்டிக்கு வந்தது, 1814இல் டப்ளின் மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் விவரித்த முறிவு. எலும்பு மெலிந்த வயதில் மிகச் சாதாரணமானது. மூங்கில் பத்தை வைத்து இறுகக் கட்டிய கையோடு ஒரு சிறுவனையும் தூக்கி வந்தார்கள். விரல்கள் வெளுத்து மரத்திருந்தன, நீட்டிவிட்டால் அலறினான். செவிலியர் வரிசையைப் பாராமல் அவனை உடனே உள்ளே அழைத்துக்கொண்டார். இறுகிய கட்டுக்குள் வீக்கம் கூடி இரத்த ஓட்டம் தடைப்பட்டால், சில மணி நேரத்தில் முன்கைத் தசைகள் செத்து, கை நிரந்தரமாகச் சுருங்கிவிடும். யார் போட்ட கட்டாக இருந்தாலும் இந்த அறிகுறிகள் தெரிந்தால் அதைத் தளர்த்திவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். துண்டான விரலைப் பனிக்கட்டி மேல் நேராக வைக்கக் கூடாது என்பதையும் அங்குதான் கேட்டுக்கொண்டேன்: ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைத்தான் பனிக்கட்டி இட்ட நீரில் வைக்க வேண்டும்.

தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்திய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், அன்றைய சேலம் மாவட்டத்துக் கொல்லிமலையில், கடல் கடந்து வந்து குடியேறிய பெற்றோருக்கு 1914இல் பிறந்தவர். வேலூரில் அவர் அறுவை செய்த கைகளுக்குப் பிறகு நீண்ட பயிற்சியும் கொடுத்தார். கட்டுப் பிரித்த அன்று என் மணிக்கட்டு மரக்கட்டையாக இருந்ததைப் பார்த்தபோது, அந்தப் பயிற்சியின் அருமை எனக்குப் புரிந்தது. இயன்முறை மருத்துவர் சொன்னபடி வெதுவெதுப்பான நீரில் கையை வைத்து மெல்ல மடக்கி நீட்டினேன். பிறகு முறத்தில் காப்பிக்கொட்டை பரப்பிச் சொத்தையை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். விரல்களுக்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

இப்போது குடும்ப அட்டையில் என் பெயர் இருக்கிறது. மணிக்கட்டு பின்னோக்கி முன்போல முழுதாக வளையாவிட்டாலும் பறிப்புக்குக் குறையில்லை. தோட்டத்தில் யாரேனும் கையை ஊன்றி விழுந்தால், முதலில் மோதிரத்தையும் வளையலையும் கழற்றச் சொல்கிறேன். வீங்கிய பிறகு அவற்றை அறுத்துத்தான் எடுக்க வேண்டிவரும். கட்டைவிரலடிக் குழியில் வலி என்றால் சேலத்துக்கு நானே கூடப் போகிறேன். படத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்டால், மறுபடம் எடுக்க எந்தத் தேதியில் வர வேண்டும் என்று கேட்டு, சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டுதான் பேருந்து ஏறுகிறோம்.